நாற்காலிகளின் வெளிச்சம்

செப்டம்பர் 4

அன்புள்ள மசிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பெட்டியும் வந்தது. பூட்டு மட்டும் வழியில் யாருக்கோ பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது. நான் கோடு கீறிய செம்புத் தகட்டுக்கும் உடுப்புகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போன் பண்ணவில்லை என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே. போனில் நான் பேசுவேன், நீ 'உம்' கொட்டுவாய், கடைசியில் 'வச்சிடட்டுமா அண்ணி' என்பாய். அதற்கு ஒரு போன் வேண்டுமா? கடிதம் என்றால் நீயும் நாலு வரி எழுதித்தான் ஆகவேண்டும். தேதி போட்டு எழுது. தேதி இல்லாத கடிதத்தை எங்கள் கான்வென்டில் மதர் பிரித்துக்கூடப் பார்க்கமாட்டார்.

எனக்கு மாடியில் அறை. ஒற்றைக் கட்டில், வெள்ளைச் சுவர், பெரிய ஜன்னல். எதிரே ஒரு பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகை. கீழ்த்தளம் முழுக்க அச்சுப் பட்டறை. ஐந்து பிரஸ் வைத்திருக்கிறார்கள். நூறு நாள் இங்கேதான். பக்கத்து அறையில் ஒரு சிற்பி. காலை ஏழு மணிக்கு உளியை எடுத்துவிடுகிறார். பிறகு 'மன்னிக்கவும்' என்று ஒரு சீட்டெழுதி என் கதவடியில் தள்ளுகிறார். அதற்குள் நான் எழுந்து குளித்து முடித்திருப்பேன்.

சாப்பாட்டு அறைச் சுவரில் என் ஆறு நாற்காலிகளையும் வரிசையாக மாட்டியிருக்கிறார்கள். உன் அண்ணன் போனபிறகு நான் வரைந்த ஆறும். இந்த ஓவியர் இல்லத்தின் பொறுப்பாளர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வெளிச்சத்தை எப்படிக் கொண்டுவந்தீங்க? தேர்வுக் குழுவில ஒரு மணி நேரம் இதைப் பத்தியேதான் பேசினோம்" என்றார். சிரித்தேன்.

பன்னிரண்டாம் தேதி அங்கே விருந்தாளி வருகிறாள். நான் இங்கே, அவள் அங்கே. அதுதான் இந்தப் பரிமாற்றத் திட்டம். இரண்டு மாதம் என் அறையில் தூங்குவாள், என் மேஜையில் வேலை செய்வாள். படுக்கை விரிப்பை மாற்றிவிடு. மேஜையின் வலப்பக்க இழுப்பறையைத் திறக்கவேண்டாம் என்று சொல்லிவிடு. முக்கியமாக, மேஜையை ஜன்னலடியிலிருந்து நகர்த்தக் கூடாது. அவளை முன்னறையில் விட்டுவிட்டு, நீ பாட்டுக்குப் பின்னறையில் பிரஸ்ஸோடு இரு. இங்கிலீஷ் வராது என்று பயப்படாதே. 'எஸ்', 'நோ', 'டீ' மூன்றும் போதும், காலம் ஓடிவிடும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நின்றுகொண்டு சாப்பிடாதே.

உன் பிரியமுள்ள
அண்ணி

*

செப்டம்பர் 16

அன்புள்ள அண்ணிக்கு,

தேதி போட்டுவிட்டேன், மேலே பாருங்கள்.

விருந்தாளி வந்துவிட்டாள். ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு, நிலையிடம் மன்னிப்புக் கேட்டாள். அப்போதே எனக்குப் பிடித்துப்போயிற்று. நான் அவளுக்கு நெட்டையம்மா என்று பேர் வைத்திருக்கிறேன். அர்த்தம் கேட்டாள், 'அழகி' என்று சைகை காட்டினேன்.

நீங்கள் கொடுத்தனுப்பிய மூன்று சொல்லையும் முதல் பத்து நிமிடத்திலேயே செலவழித்துவிட்டோம். அப்புறம் கைதான் பேசியது. ஊமைக்கு ஊமை துணை என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

ஒன்று சொல்லவேண்டும், திட்டாதீர்கள். மேஜை இப்போது பின்னறையில் இருக்கிறது. நான் தடுத்தேன். 'நோ' என்றேன். அவள் 'எஸ்' என்றாள். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்துதான் தூக்கினோம். அவளுக்கு நம் வீட்டு ஏற்பாடே விளங்கவில்லை. பிரஸ் இங்கே, ஓவியர் அங்கே, நடுவில் சுவர் எதற்கு என்று சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டாள். உங்களுக்கு டர்பன்டைன் நெடி ஆகாது, ஒற்றைத் தலைவலி வரும் என்று நெற்றியைப் பிடித்து நடித்துக் காட்டினேன். எனக்குத்தான் தலைவலி என்று நினைத்து மாத்திரை கொடுத்தாள்.

காட்சிக்கூடக்காரர் வந்தார். ஐந்தாவது நாற்காலிப் படம் இன்னும் பத்துத் தாள் அச்சடித்து வேண்டுமாம், நீங்கள் திரும்பியதும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதுமாம். "அம்மா கைவண்ணமே தனி" என்று என்னிடமே சொல்லிவிட்டு, மை அப்பிய என் கையைப் பார்த்து, "ஒரு டீ கிடைக்குமா?" என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன்.

ஆறையும் ஒரே சுவரிலா மாட்டியிருக்கிறார்கள்? அச்சடித்து உலர்த்தும்போது ஒவ்வொன்றாகப் பார்த்ததோடு சரி, ஆறையும் சேர்த்து நான் பார்த்ததே இல்லை. முடிந்தால் ஒரு போட்டோ அனுப்புங்கள். வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தீர்களா? நல்லது. சிரித்தால் போதும்.

உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். துணைக்கு ஆள் இருக்கிறதே.

மசி

*

செப்டம்பர் 27

அன்புள்ள மசிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படிக்காமல் இருந்திருக்கலாம்.

ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதையாக இருக்கிறது. முப்பது வருடமாக அந்த மேஜை நின்ற இடத்தில் தரையில் நாலு தடம் பதிந்திருக்கும். வந்த மூன்றாம் நாள் ஒருத்தி அதைத் தூக்கிப் போடச் சொல்கிறாள், நீயும் ஒரு பக்கம் பிடிக்கிறாய். நான் ஒரு நாற்காலியை நகர்த்தச் சொன்னால் இடுப்புவலி என்பாயே? இப்போது இடுப்பு எங்கே போயிற்று? 'அழகி'யாம். உன் அண்ணன் போன இந்த ஆறு வருடத்தில் என்னிடம் நீ இத்தனை பேசி நான் கேட்டதில்லை.

போகட்டும். வந்தவளை உபசரிப்பது நல்ல குணம்தான். என் கோப்பையில் டீ கொடுக்காதே.

இப்போது ஒரு காரியம், கவனமாகப் படி. அக்டோபர் இருபதாம் தேதி இங்கே ஒவ்வொரு ஓவியரும் ஊர்க்காரர்கள் முன்னால் தன் தகட்டைத் தானே அச்சடித்துக் காட்டவேண்டுமாம். விண்ணப்பத்தில் நானே அச்சிடுகிறேன் என்று எழுதியிருந்தேன். தனியாக வேலை செய்பவர்களுக்குத்தான் இங்கே இடம் என்று விதி. அதனால் அப்படி எழுதவேண்டியதாயிற்று. சின்ன விஷயம். நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டாய் என்று தெரியும்.

கொண்டுவந்திருக்கும் இரண்டாவது நாற்காலித் தகட்டில் மூக்கைக் கட்டிக்கொண்டு மூன்று தாள் எடுத்துப் பார்த்தேன். உன் அண்ணன் அச்சடித்த நாளில் ஓரிரு முறை வாசலில் நின்று பார்த்தது ஞாபகம் இருக்கிறது. மை தடவுவது, துணியால் துடைப்பது, ஈரத் தாளை வைத்து பிரஸ்ஸில் உருட்டுவது, இவ்வளவுதானே? ஆனால் எனக்கு அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி வருகிறது. நாற்காலியைத் தேடவேண்டியிருக்கிறது. அந்த வெளிச்சம் வரவில்லை. துடைப்பதில்தான் ஏதோ இருக்கிறது என்று தோன்றுகிறது. நீ கடைசியில் என்ன செய்கிறாய்? ஒன்று விடாமல் வரிசையாக எழுது. தபால் வர ஒன்பது நாள் ஆகிறது, எனவே இன்றே எழுது.

போட்டோ எடுக்கச் சொல்லியிருக்கிறேன். பொறுப்பாளருக்கு நேரமில்லை.

அண்ணி

*

அக்டோபர் 7

அன்புள்ள அண்ணிக்கு,

ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன்.

தகட்டை லேசாகச் சூடுபண்ணுங்கள். கை வைத்தால் பொறுக்கிற சூடு. மையை ரப்பர் துண்டால் எல்லாக் கோட்டிலும் இறங்கும்படி தேயுங்கள். மல் துணியைப் பந்தாகச் சுருட்டி வட்டமாகத் துடையுங்கள், அழுத்தக் கூடாது. துணி அழுக்கானால் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு துணி போனதும் செய்தித்தாளை மடித்து உள்ளங்கைக்கு அடியில் வைத்து, தகட்டில் உங்கள் முகம் தெரிகிறவரை நன்றாகத் துடைத்தெடுங்கள். பளபளப்புதான் முக்கியம். அப்புறம் தாளை வைத்து உருட்டவேண்டியதுதான்.

அவ்வளவுதான். சின்ன விஷயம்தான்.

நெட்டையம்மா சுகம். நேற்று இரண்டு பேரும் கடைத்தெருவுக்குப் போனோம். ஒரு குடை வாங்க அவள் முக்கால் மணி நேரம் பேரம் பேசினாள், அவளுக்கும் பாஷை தெரியாது, கடைக்காரனுக்கும் அவள் பாஷை தெரியாது. கடைசியில் களைத்துப்போய் அவனே கொடுத்துவிட்டான். உங்கள் கோப்பையை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

நன்றாக நடக்கட்டும்.

மசி

*

அக்டோபர் 22

அன்புள்ள மசிக்கு,

உன் கடிதம் பதினாறாம் தேதிதான் வந்தது. நாலு நாள் இருந்தது. ஒத்திகை பார்த்திருக்கவேண்டும். பார்க்கவில்லை. நீ எழுதியிருக்கிறாய், நான் செய்யப்போகிறேன், இதில் ஒத்திகை என்ன என்று இருந்துவிட்டேன்.

முப்பத்தைந்து பேர் வந்திருந்தார்கள். குழந்தைகளை முன்வரிசையில் தரையில் உட்காரவைத்திருந்தார்கள். நீ எழுதியபடியே செய்தேன், ஒரு வரி பிசகவில்லை. சூடு, மை, துணி, மறு துணி, செய்தித்தாள். என் முகம் தெரிகிறவரை துடைத்தேன். முகம் நன்றாகவே தெரிந்தது. பொறுப்பாளர் என் பக்கத்தில் நின்று, "இப்போ பாருங்க, அந்த வெளிச்சம்!" என்று எல்லாரிடமும் சொன்னார்.

தாளைத் தூக்கினேன். மசி, நாற்காலி இருந்தது. நாலு கால், ஒரு முதுகு, பிரம்புப் பின்னல், எல்லாம் இருந்தது. தச்சனிடம் கொடுத்தால் அப்படியே ஒன்று செய்து தருவான். சுற்றிலும் வெறும் வெள்ளை. முன்வரிசையில் ஒரு சிறுமி சாப்பாட்டு அறைச் சுவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். குழந்தைகளுக்கு நாசூக்கு கிடையாது. பக்கத்து அறைச் சிற்பி மட்டும் தனியாகக் கைதட்டினார். அது இன்னும் மோசம்.

இன்றைக்கு ஈரப்பதம் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையாகவும் இருக்கலாம். இந்த ஊர்ச் செய்தித்தாள் வழவழப்பாக இருக்கிறது. நீ சொன்னது சாதாரணத் தாளோ என்னவோ. உன் கை பழகின கை, என் கை பழகாதது. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், இல்லை என்று சொல்லமாட்டேன்.

நவம்பர் கடைசியில் நிறைவுக் கண்காட்சி. அதற்குள் கற்றுக்கொள்ளவேண்டும். எங்கே பிசகியது என்று யோசித்து எழுது. இரண்டு நாளாகச் சாப்பாட்டு அறைக்குப் போகாமல் ரொட்டியை அறைக்கே கொண்டுவந்து தின்கிறேன். அந்த ஆறும் சுவரில் இருக்கின்றன, அவற்றுக்குக் கீழே உட்கார என்னால் முடியவில்லை.

உன்
அண்ணி

*

நவம்பர் 1

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சாப்பாட்டை விடாதீர்கள். உடம்பு ஒன்று இருக்கிறதே.

எங்கே பிசகியது என்று யோசித்தேன். ஈரப்பதமாகத்தான் இருக்கும். அந்த ஊர்த் தாள் வேறு, மை வேறு. நீங்களே சொல்லிவிட்டீர்கள். எனக்கு வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று, நாலாவதாவது தபாலில் சேரட்டும்.

நெட்டையம்மா நாளை மறுநாள் கிளம்புகிறாள். நேற்று அவளுடைய கடைசித் தகட்டை இரண்டு பேரும் சேர்ந்து அச்சடித்தோம். அவள் வரைந்தது நம் பின்னறையைத்தான். தொங்குகிற துணிகள், பிரஸ்ஸின் சக்கரம், என் முதுகு. என் முதுகு இவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியாது. காய்ந்ததும் மூலையில் பென்சிலால் தன் பேரைப் போட்டாள். அப்புறம் பென்சிலை என் பக்கம் நீட்டினாள். எனக்குப் புரியவில்லை. கூர் சீவித் தரச் சொல்கிறாள் என்று நினைத்து, சீவிக் கொடுத்தேன். அவள் சிரித்துக்கொண்டே திரும்ப நீட்டி, தாளைத் தொட்டுக் காட்டினாள்.

போட்டேன் அண்ணி. ஐம்பத்தாறு வயதில் ஒரு பேர் எழுத இன்னொரு தடவை பென்சிலைச் சீவிக்கொண்டேன், பாருங்கள்.

அவள் ஊரும் நீங்கள் இருக்கும் ஊரும் ஒன்றுதானே. உங்களைப் பார்க்க வருவாள். நல்லபடியாகப் பேசுங்கள்.

மசி

*

நவம்பர் 11

மசிக்கு,

உன் நெட்டையம்மா நேற்று வந்தாள். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி எங்கள் எல்லாரையும் உட்காரவைத்து, உன் பின்னறையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். என் பின்னறை என்று சொல்லவேண்டும். அந்த வீடு என் கணவர் கட்டியது.

தாளை எல்லார் கைக்கும் கொடுத்தாள். மூலையில் இரண்டு கையெழுத்து. அவளுடையதை எல்லாரும் படித்தார்கள். பக்கத்தில் இருந்த அந்த இரண்டு எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். "என்ன எழுதியிருக்கு?" என்று சிற்பி என்னைத்தான் கேட்டார். "மை என்று அர்த்தம்" என்றேன். பொய் இல்லையே.

பிறகு அவள் ஒரு ரொட்டியை எடுத்து மேஜையில் உதிர்த்தாள். "துணியால துடைச்ச பிறகு தகட்டுல மெல்லிசா ஒரு படலம் நிக்கும். அதைச் சுத்தமா எடுத்துட்டா வெறும் கோடுதான் மிஞ்சும். அதனால இப்படி" என்று கையைச் சாய்த்து, சுண்டுவிரல் பக்கத்து விளிம்பை வைத்து, ஒரே இழுப்பு. துணுக்கெல்லாம் ஒதுங்கி, நடுவில் ஒரு பாதை விழுந்தது. "வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரணுமோ அந்தப் பக்கமிருந்து இழுக்கணும். ஒரே தடவை. ரெண்டாவது தடவை இழுத்தா செத்துப்போயிடும். முதல் வாரமே எனக்குச் சொல்லிக்கொடுத்துட்டாங்க. அவங்க அண்ணன் சாப்பிட்டு முடிச்சதும் மேஜையை இப்படித்தான் துடைப்பாராம்" என்றாள்.

ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார்கள். ஆறு நாற்காலி, ஆறு இழுப்பு. பொறுப்பாளர் என்னைப் பார்த்து, "அப்போ இதெல்லாம்..." என்று ஆரம்பித்தார். "அது எங்கள் வீட்டு வழக்கம்" என்று சொல்லிவிட்டு எழுந்து மாடிக்கு வந்துவிட்டேன்.

முதல் வாரம்! நான் உன்னிடம் கெஞ்சி எழுதியதற்கு முன்னாலேயே அவளுக்குச் சொல்லியாகிவிட்டது. எனக்குச் செய்தித்தாள், அவளுக்கு உன் அண்ணன். வந்து ஏழு நாள் ஆன ஒருத்திக்கு, பாஷை தெரியாதவளுக்கு, கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். நான் முப்பத்தைந்து பேருக்கு முன்னால், என் முகத்தை நானே தகட்டில் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் அவர் மேஜையைத் துடைப்பதைப் பற்றி ஓர் அந்நியப் பெண் எனக்குச் சொல்லவேண்டுமா? முப்பத்து நான்கு வருடம் அந்தச் சாப்பாட்டு மேஜையில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவள் நான். நீ பரிமாறிவிட்டு நின்றுகொண்டிருந்தவள்.

பதில் எழுதுவதானால் உண்மையை எழுது. இல்லையென்றால் தபால்தலையை வீணாக்காதே.

அண்ணி

*

நவம்பர் 20

அன்புள்ள அண்ணிக்கு,

உண்மையைத்தானே கேட்டீர்கள்.

செய்தித்தாள் பொய். தெரிந்தேதான் எழுதினேன். எழுதும்போது ஒன்றும் உறைக்கவில்லை. உங்கள் அக்டோபர் கடிதம் வந்த அன்றைக்குத்தான் உறைத்தது. அந்தச் சிறுமி திரும்பிப் பார்த்தாள் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். நெட்டையம்மா உடம்புக்கு என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த மூன்று சொல்லில் அதற்குப் பதில் இல்லை. தப்புதான். முதலில் அந்தத் தப்பைத் தப்பு என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மிச்சத்தை மன்னிப்புக் கேட்கிற தொனியில் சொல்லப்போவதில்லை.

மார்ச் மாதம் உங்கள் விண்ணப்பத்தைத் தபாலில் சேர்த்தது நான். ஞாபகம் இருக்கிறதா? மழை, நீங்கள் வெளியே போகமுடியாது என்றீர்கள். தபாலாபீஸ் வரிசையில் நிற்கும்போது பொழுது போகாமல் படிவத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். உங்கள் கான்வென்டு கையெழுத்து முத்து முத்தாக இருப்பதால் எனக்கே படிக்கமுடிந்தது. 'வரைபவர்' என்ற கட்டத்தில் உங்கள் பேர். கீழே 'அச்சிடுபவர்' என்ற கட்டத்திலும் உங்கள் பேர். உறையை ஒட்டினேன். பெட்டியில் போட்டேன். போடாமல் கிழித்திருக்கலாம், நீங்கள் கண்டுபிடித்திருக்கவே மாட்டீர்கள். போட்டுவிட்டு வந்து உங்களுக்குச் சூடாகத் தேநீர் வைத்துக் கொடுத்தேன். 'சேர்த்துட்டியா?' என்று கேட்டீர்கள். 'உம்' என்றேன். என் உம்முக்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள் என்றைக்காவது கேட்டதுண்டா?

முதல் வாரமே அவளுக்கு ஏன் சொன்னேன் என்று கேட்டீர்கள். அவள் கேட்டாள், அவ்வளவுதான். பிரஸ் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நான் இழுத்ததும் என் கையைத் திருப்பிப் பார்த்து, 'இது எங்கிருந்து வந்தது?' என்று கண்ணாலேயே கேட்டாள். அண்ணன் படத்தைத் தொட்டுக் காட்டி, சாப்பாட்டு மேஜையில் கையை இழுத்து நடித்துக் காட்டினேன். நீங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. தாள் காய்ந்து, நெடி போனபிறகு வருவீர்கள், கையெழுத்துப் போடுவீர்கள், 'நல்லா வந்திருக்கு' என்பீர்கள். யார் கையில் நல்லா வந்திருக்கு?

வீட்டு வழக்கம் என்று சொன்னீர்களாம். அண்ணன் இருந்தவரை உங்கள் தகடுகளை அவன்தான் அச்சடித்தான். அந்தத் தாள்களை எடுத்துப் பாருங்கள். சுத்தமான வேலை, ஒரு பிசிறு இருக்காது. வெளிச்சமும் இருக்காது. அவன் போன மூன்றாம் மாதம் நீங்கள் முதல் நாற்காலித் தகட்டை என் கையில் கொடுத்தீர்கள். அவன் உட்கார்ந்த நாற்காலி. மை துடைத்துக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு எழுந்தவன் மேஜையைத் துடைக்கிற மாதிரி, என் கை தானாக இழுத்துவிட்டது. பாழாகிவிட்டது என்று பயந்துகொண்டேதான் உருட்டினேன். நீங்கள் அந்தத் தாளைப் பார்த்து அழுதீர்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். நீங்கள் வரைந்த கோட்டைப் பார்த்தா நீங்கள் அழுதீர்கள் அண்ணி?

நீங்கள் அவன் எதிரே உட்கார்ந்தவர். நான் நின்றவள். ஒத்துக்கொள்கிறேன். நின்றவளுக்குத்தான் மேஜை முழுசாகத் தெரியும்.

இனி காரியம். காட்சிக்கூடக்காரருக்குக் கொடுக்கவேண்டிய பத்துத் தாளும் வெட்டி வைத்திருக்கிறேன். இன்னும் அச்சடிக்கவில்லை. கீழே உங்கள் பேர், என் பேர் இரண்டும் போடுவதாக இருந்தால் எப்போதும்போல அச்சடிக்கிறேன். உங்கள் பேர் மட்டும் என்றால் நான் எழுதி அனுப்பிய அந்த முறைப்படி, முகம் தெரிகிறவரை துடைத்து அச்சடித்துத் தருகிறேன். அதிலும் குறை இருக்காது. எது என்று எழுதுங்கள்.

குளிராக இருக்கும். காதை மூடிக்கொள்ளுங்கள்.

மசி

*

நவம்பர் 30

அன்புள்ள மசிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அன்று மாலையே பொறுப்பாளரைப் பார்த்து, படிவத்தில் நான் எழுதியது பொய் என்று சொன்னேன். அவர் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார், நிறுத்தவே இல்லை. 'உங்களைத் திருப்பி அனுப்பப்போவதில்லை' என்றார். அனுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டாமல் விடுகிறவர்களோடு பத்து நாள் சாப்பிடுவது கஷ்டம்.

நேற்று நிறைவுக் கண்காட்சி. காலையிலேயே ஏணியைக் கொண்டுவரச் சொல்லி ஆறு நாற்காலிகளையும் இறக்கிவிட்டேன். அந்த இடத்தில் ஒன்றே ஒன்றை மாட்டினேன், அக்டோபரில் நான் அச்சடித்த அந்தத் தச்சன் நாற்காலியை. கீழே என் பேர். அதில் எல்லாமே என் கை வேலை. வந்தவர்கள் மரியாதைக்கு ஒரு நிமிடம் நின்றுவிட்டு அடுத்த சுவருக்குப் போனார்கள். கூட்டம் போனபிறகு நான் போய் நின்றேன். கோடு மோசமில்லை, மசி. பின்னலில் ஒரு பிரம்புகூட நான் ஏமாற்றவில்லை. ஆனால் அதில் யாரும் உட்கார்ந்திருந்ததாகத் தெரியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். உன் பேரையும் சேர்த்துப் போடமாட்டேன். உன் கை வேலை தாழ்ந்தது என்பதால் அல்ல. அந்த வெளிச்சம் உன்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன், இதை யார் கேட்டாலும் இனி சொல்வேன். எடுத்துக்கொள், உன் பேரில் எதன்மேல் வேண்டுமானாலும் போடு. என் நாற்காலிமேல் போடாதே. அவரை இழந்தது நான் ஒருத்திதான் என்று ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் உனக்குப் பாதி கொடுக்கிற மனசு எனக்கு இன்னும் வரவில்லை. வராமலே போகலாம். நான் நல்லவள் இல்லை என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள்.

பத்துத் தாளையும் துடைத்து அச்சடித்துவிடு. காட்சிக்கூடக்காரர் வேண்டாம் என்றால் அது அவர் பாடு. நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன். ஆறு நாற்காலிகளிலும் இதுவரை வெளியே போன தாள்கள் யார் யாரிடம் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் எடுத்து வை. ஒவ்வொருவருக்கும் நானே எழுதவேண்டும், அச்சிட்டது யார் என்று. நிறைய நாள் ஆகும். ஆகட்டும்.

பதினோராம் தேதி காலை விமானம் இறங்கும். டாக்சி பிடித்து வந்துவிடுவேன், நீ அலையவேண்டாம். வீட்டில் இரு.

ஒரு சங்கதி. வெள்ளிக்கிழமையிலிருந்து சாப்பாடு முடிந்ததும் மேஜையில் துணுக்குகளை நான் இழுத்துப் பார்க்கிறேன். வலது கையால் ஒரு தடவை, இடது கையால் ஒரு தடவை. அவர் எந்தக் கையால் துடைப்பார் என்று எத்தனை யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. அந்த முகமும் தட்டும் டம்ளரும் எல்லாம் வருகிறது, கை மட்டும் வரவில்லை.

உனக்குத் தெரிந்திருக்கும். சொல்லாதே.

அண்ணி